புதிய புலம் சேர்க்கும் நாளில் ரெயில்ஸ், ஜேஹிப்ஸ்டர், ஜாங்கோ

ரெயில்ஸ் (ரூபி), ஜேஹிப்ஸ்டர் (ஜாவா), ஜாங்கோ (பைத்தான்) போல, பின்தளத்துக்கான, அதாவது சர்வர் பக்கத்துக்கான, நிரலைத் தாமே எழுதித் தரும் கருவிகளை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் முதல் நாளில் எவ்வளவு நிரல் கிடைக்கிறது என்பதையே பார்க்கிறார்கள். சில வாரங்கள் கழித்து தரவுத்தள அட்டவணையில் ஒரு புலம் (நெடுவரிசை) சேர்க்க நேரும்போது அந்த நிரல் என்ன ஆகிறது என்பதே எனக்கு முக்கியம். ஒரு நூலகச் செயலியின் ‘புத்தகம்’ அட்டவணையில் ‘பதிப்பகம்’ என்ற புலத்தைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

ரெயில்ஸின் ஸ்கேஃபோல்ட் கட்டளை மைக்ரேஷன் (அட்டவணையை மாற்றும் கோப்பு), மாடல் (தரவைக் குறிக்கும் வகுப்பு), கன்ட்ரோலர் (கோரிக்கைகளைக் கையாளும் நிரல்), பக்கங்கள், சோதனைகள் அனைத்தையும் ஒரே மூச்சில் எழுதித் தந்துவிட்டு விலகிக்கொள்கிறது. புதிய புலத்துக்கு மைக்ரேஷனை மட்டும் மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம்; படிவத்திலும், காட்சிப் பக்கத்திலும், கன்ட்ரோலரில் உள்ள அனுமதிக்கப்பட்ட புலங்களின் பட்டியலிலும் நாமே அதை எழுத வேண்டும். அந்தப் பட்டியலில் விட்டுவிட்டால், பயனர் உள்ளிட்ட மதிப்பு திரையில் எந்தப் பிழைச்செய்தியும் காட்டாமல் சேமிக்கப்படாமலே போகும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: ஸ்கேஃபோல்ட் பக்கங்களுக்குத் தாமாக எந்தக் காவலும் இல்லை. 2024இல் வந்த ரெயில்ஸ் 8 உள்நுழைவுக்கெனத் தனி உருவாக்கி ஒன்றைத் தந்தாலும், யார் எதை நீக்கலாம் என்ற விதிகளை எழுதுவது நம் பொறுப்பே.

ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பை அடித்தளமாகக் கொண்ட ஜேஹிப்ஸ்டர் உள்நுழைவு, பயனர் மேலாண்மை, செயலியைக் கொள்கலனில் இயக்க உதவும் டாக்கர் கோப்புகள் வரை முதல் நாளே கொடுத்துவிடுகிறது. அட்டவணைகளை விவரிக்கும் ஜேடிஎல் கோப்பில் புலத்தைச் சேர்த்து மறுபடி உருவாக்கினால் படிவம்வரை எல்லாம் மாறும். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. நாம் திருத்திய கோப்பை மேலெழுதலாமா என்று அது கேட்கும்போது அவசரத்தில் சம்மதித்தால் நம் திருத்தங்கள் அழிந்துவிடும். தரவுத்தளத்தில் ஏற்கெனவே இயங்கி முடித்த லிக்விபேஸ் கோப்பும் (ஜேஹிப்ஸ்டரின் மைக்ரேஷன் கோப்பு) திருத்தி எழுதப்படுவதால், கோப்பு மாறவில்லை என்பதைச் சரிபார்க்கும் செக்சம் எண் பொருந்தாமல் செயலி தொடங்க மறுக்கும். மாற்றங்களைத் தனித்தனிக் கோப்புகளாக எழுதும் தேர்வை முதலிலேயே இயக்கி வைத்தால் இதைத் தவிர்க்கலாம்.

ஜாங்கோ குறைவாகவே உருவாக்குகிறது. மாடலில் ஒரு வரி சேர்த்து ஒரு கட்டளையை இயக்கினால் அதிலிருந்து மைக்ரேஷனை அதுவே எழுதிக்கொள்ளும். தரவைச் சேர்க்கவும் திருத்தவும் உதவும் நிர்வாகப் பக்கமோ கோப்பாக எழுதப்படாமல், இயங்கும்போதே மாடலைப் படித்து உருவாவதால், புலங்களை நாம் தனியே வரையறுக்காத வரை ‘பதிப்பகம்’ தானாகவே படிவத்தில் தோன்றும். பணியாளர் உரிமை பெற்றவர்களுக்கு மட்டுமே அந்த நிர்வாகப் பக்கம் திறக்கும். வாசகர்களுக்கான பக்கங்களை மட்டும் நாம் எழுத வேண்டும்.

இரண்டு மூன்று பேர் கொண்ட குழுவுக்கு நான் ஜாங்கோவையே பரிந்துரைப்பேன். ஜேஹிப்ஸ்டர்தான் வேண்டும் என்னும் ஜாவா குழுவினர், சொந்த நிரலைத் தனி வகுப்புகளில் எழுதி, ஒவ்வொரு மறு உருவாக்கத்துக்கு முன்பும் கிட்டில் (நிரலின் பழைய வடிவங்களைக் காக்கும் கருவி) கமிட் செய்து, அதாவது பதிவு செய்து, விட வேண்டும்.