இரண்டு கேபிளுக்குப் பில், கேசிங்குக்குள் ஒன்றுதான்

யாழ்ப்பாணத்தில் கடைக்கோ வீட்டுக்கோ கிகாபிட் (விநாடிக்கு 1000 மெகாபிட் வேக) நெட்வொர்க் போட இருப்பவர்கள், காசைக் கொடுக்க முன்னர் இதை ஒருமுறை வாசியுங்கள்.

கொக்குவிலில் கல்யாண ஆல்பம் செய்யும் சிறிய ஸ்டூடியோ என்னுடையது. படங்கள் எல்லாம் பின்னறையில் இருக்கும் சேர்வரில்தான், அதில் ஓடுவது ஃபிரீபிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வகை இயங்குதளம். ஒரு கல்யாணத்துக்கு 40 ஜிபி வரும். முன்னறையில் கணினிகளை இணைக்கும் சுவிட்சிலிருந்து சேர்வருக்கு ஒன்று, எடிட்டிங் கணினிக்கு ஒன்று என்று இரண்டு கேபிள் இழுக்க, நகரிலுள்ள ஒரு கடையிலிருந்து ஒரு தம்பி வந்தார். பில் 28,000 ரூபா.

வேலை முடிந்த அன்று சேர்வரின் நெட்வொர்க் லைட் எரியவில்லை. "அண்ணை, வயர் எல்லாம் சரி. உங்கட யுனிக்ஸில டிரைவர்தான் பிரச்சினை, நான் செற் பண்ணி விடுறன்" என்றார். சேர்வரில் எதையும் மாற்றவிடும் ரூட் பாஸ்வேர்டைக் கொடுத்தேன். அரை மணித்தியாலம் தட்டினார், லைட் எரிந்தது. டிரைவர் வேலைக்கென்று இன்னும் 6,000 வாங்கினார்.

அடுத்த கல்யாணப் படங்களை ஏற்ற ஒரு முழு இரவு போனது. திருமண வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது? அவரை அழைத்தால், விண்டோஸ் போடுங்கோ, 15,000 வரும் என்கிறார்.

அப்புறம்தான் நானே உட்கார்ந்து பார்த்தேன். என் சேர்வரின் நெட்வொர்க் கார்ட் இன்டெல் புரோ 1000. அதை இயக்கும் ஈஎம் என்ற டிரைவர் மென்பொருள் ஃபிரீபிஎஸ்டியின் மையப் பகுதியான கர்னலோடு சேர்ந்தே வருகிறது, புதிதாகப் போட ஒன்றுமே இல்லை. இணைப்பின் நிலையைக் காட்டும் இஃப்கான்ஃபிக் கட்டளையைக் கொடுத்தால் மீடியா என்றொரு வரி வரும். அதில் ஆட்டோசெலக்ட் (வேகத்தை இரு முனையும் தாமாகத் தெரிவது) என்றும், அடைப்புக்குறிக்குள் 1000பேஸ்டி (கிகாபிட்), ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடிவது) என்றும் இருக்க வேண்டும். என்னுடையதில் ஆட்டோசெலக்டே இல்லை. அமைப்புகள் இருக்கும் ஆர்சி.கான்ஃப் கோப்பில் 100பேஸ்டிஎக்ஸ் (100 மெகாபிட்), ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கையால் எழுதிப் பூட்டியிருந்தார். ஒரு பக்கத்தை இப்படிப் பூட்டினால், ஆட்டோவில் இருக்கும் சுவிட்ச், ஒரு நேரத்தில் அனுப்ப அல்லது பெற மட்டும் முடிகிற ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். சேர்வர் நினைத்த நேரம் அனுப்பும், சுவிட்ச் அதை மோதல் என்று எடுத்து அந்தத் தரவுத் துண்டைத் தள்ளிவிடும். ஒழுங்கான 100 மெகாபிட் என்றாலே 40 ஜிபி ஒரு மணித்தியாலத்தில் போய்விடும். எனக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

அந்தச் சொற்களை அழித்துவிட்டு நெட்வொர்க்கை மறுபடி தொடக்கினேன். லைட் அணைந்துவிட்டது.

பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். எட்டு வயர் இருக்க வேண்டிய இடத்தில் செம்மஞ்சள் சோடியும் பச்சைச் சோடியும் மட்டும். கேபிள் ஓடும் பிளாஸ்டிக் கேசிங்கின் மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரேயொரு சாம்பல் நிறக் கேபிள். அதன் நுனியில் உறையைக் கீறி, நீலத்தையும் மண்ணிறத்தையும் பிரித்து எடிட்டிங் கணினியின் பிளக்கில் கொடுத்திருந்தார். சுவிட்ச் பக்கத்திலும் அதே வேலை. விண்டோஸ் ஓடும் அந்த எடிட்டிங் கணினியின் கார்டும் 100இல் பூட்டப்பட்டிருந்தது.

100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடி போதும். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஆட்டோவில் விட்டால் இரு முனையும் முதல் இரண்டு சோடியில் பேசி 1000 என்று உடன்படும், மற்ற இரண்டும் இல்லாததால் இணைப்பு எழும்பாது. முதல் நாள் லைட் எரியாததன் காரணம் இதுதான். அது தெரிந்துதான் வேகத்தைப் பூட்டினார். தெரியாமல் செய்தார் என்று என்னால் நம்ப முடியவில்லை. தன் வயர் களவை மறைத்ததற்கு என்னிடமே 6,000 வாங்கியிருக்கிறார்.

வேறொருவரைக் கொண்டு இரண்டு கேபிளும் புதிதாக இழுத்தேன். டிரைவரில் கை வைக்கவேயில்லை. 1000பேஸ்டி தானாக வந்தது, 40 ஜிபி ஏழு நிமிடத்துக்குள் ஏறியது.

உங்கள் இடத்திலும் "டிரைவர் பிரச்சினை" என்று யாராவது சொன்னால், அவர் நிற்கும்போதே மீடியா வரியைக் காட்டச் சொல்லுங்கள், பிளக்கில் எட்டு நிறமும் இருக்கிறதா என்று எண்ணுங்கள். வேலை முடிந்ததும் ரூட் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

கடை இன்னும் காசைத் திருப்பவில்லை. பில்லையும் அந்த நான்கு வயர் பிளக்கையும் ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு கொடுக்கப் போகிறேன்.