பீட்ரூட்டுக்குக் கயிறு இழுக்கும் சாப்பர் சரிவருமா?

பொரியலுக்கு என்றால் தாராளமாக வாங்கலாம். கால் கிலோ பீட்ரூட்டைத் தோல் சீவி, அரை அங்குலத் துண்டுகளாக்கி, பாதிக் கிண்ணம் வரை மட்டும் போட்டு இழுத்தால் ஓரளவு சீராகவே நறுக்குகிறது. முழுக்க நிரப்பினால் பிளேடு சிக்கும். அப்போது வெடுக்கென இழுத்தால் கயிறுதான் போகும். அளவுக்கு மீறி இழுத்தாலோ சாறு விட்டு, பொரியல் துவையல் மாதிரி ஆகிவிடும். கடுகு, உளுந்து, வரமிளகாய் தாளித்து, லேசாகத் தண்ணீர் தெளித்து மூடினால் சுமார் 10 நிமிடத்தில் வெந்துவிடும். தேங்காய்த் துருவல் கடைசியில்தான்.

பச்சடிக்கும் அல்வாவுக்கும் இது உதவாது, துருவியே சரி. வெள்ளைக் கிண்ணம் வேண்டாம், கறை லேசில் போகாது. கயிறுள்ள மூடியைத் தண்ணீரில் முக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள், உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது.