புரோடிஸ்க்-எல் செயற்கை இடைத்தட்டு: ஓர் இயன்மருத்துவரின் மதிப்பீடு

நாரியின் (கீழ்முதுகின்) அடிப்பகுதியில், முள்ளென்புகளுக்கிடையே மெத்தைபோல இருந்து தேய்ந்துபோன இடைத்தட்டை அகற்றிவிட்டு, அந்த மூட்டின் அசைவு கெடாதபடி அவ்விடத்தில் வைக்கப்படும் செயற்கைத் தட்டுகளுள் நீண்ட காலம் பாவனையில் இருப்பது புரோடிஸ்க்-எல். பிரெஞ்சுச் சத்திரசிகிச்சை நிபுணர் தியரி மார்னே வடிவமைத்த இத்தட்டின் முதல் வடிவம் 1990இல் முதன்முதலாக நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டது. புரோடிஸ்க்-எல் 2006இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதியையும் பெற்றது. வெளிநாட்டில் இதைப் பொருத்திக்கொண்டு திருகோணமலைக்கு விடுமுறையில் வந்த ஒருவர் பயிற்சிக்காக என்னிடம் வந்தார். அவர் நிமிர்ந்து நடப்பதைக் கண்ட பிறகு, நாரிநோவால் அவதிப்படும் கடற்றொழிலாளர்கள் பலரும் "எங்களுக்கும் இது சரிவருமோ?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்வது நேர்மையாகாது என்பதால் இதை எழுதுகிறேன்.

அவர் கொண்டுவந்த எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் வைத்தபோது, நாரியின் நான்காம், ஐந்தாம் முள்ளென்புகளுக்கிடையே இரண்டு வெண்ணிறத் தகடுகள் தெரிந்தன. ஒவ்வொன்றின் நடுவிலிருந்தும் ஒரு மெல்லிய உலோகத் துருத்து எலும்புக்குள் ஏறியிருந்தது. தகடுகளுக்கு நடுவே வெறும் இடைவெளிதான் தெரிந்தது. அங்கே இருக்கும் பொலிஎதிலீன் என்னும் கெட்டியான பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் பதிவதில்லை. உண்மையில் அசைவு முழுவதும் நிகழ்வது அந்த வெறுமைபோலத் தோன்றும் இடத்திலேதான். கோபால்ட்-குரோமியக் கலப்புலோகத் தகடுகளின் எலும்பைத் தொடும் பக்கங்களில் எலும்பு வளர்ந்து பற்றிக்கொள்வதற்காகத் தைத்தேனியம் பூசப்பட்டிருக்கிறது. கீழ்த்தகட்டில் பூட்டப்பட்ட பொலிஎதிலீன் குமிழின்மேல் மேற்தகட்டின் குழிவு உருள்கிறது. 10, 12, 14 மில்லிமீற்றர் உயரங்களும், நாரியின் உள்வளைவுக்கேற்ற 6, 11 பாகைச் சாய்வுகளும் இதில் உண்டு. பார்வைக்குச் சிறிய வேறுபாடுகள்தாம். ஆனால் தேவைக்கு மேற்பட்ட உயரத்தில் ஒன்றைத் திணித்தால் சுற்றியுள்ள இழையங்கள் இறுகி, எந்த அசைவுக்காக இதைப் பொருத்தினார்களோ அந்த அசைவே குறைந்துவிடும்.

தகட்டின் அகலத்தை நான் இதன் முதல் நற்பண்பாகக் கருதுகிறேன். சுவீடனைச் சேர்ந்த உல்ஃப் ஃபெர்ன்ஸ்ட்ரோம் முன்னொரு காலத்தில் உருக்குக் குண்டுகளையே இடைத்தட்டின் இடத்தில் வைத்துப் பார்த்தார். சுமை முழுவதும் ஒரு சிறு புள்ளியில் குவிந்ததால் அவற்றுள் பல முள்ளென்புக்குள் புதைந்துபோயின. முள்ளென்பின் பரப்பு நடுவில் மென்மையானது, விளிம்பை நோக்கியே உறுதியானது. ஆகையால் விளிம்புவரை பரந்து உட்காரும் தகடே தாங்கும். எலும்புத் தேய்வு உள்ளவர்களுக்கு இதைப் பொருத்தக் கூடாது என்று சொல்வதன் காரணமும் இந்தப் புதைதல்தான்.

இனி, குறைபாடு தொடங்கும் இடத்துக்கு வருகிறேன். இயற்கையான தட்டில் நீர் நிறைந்த நடுக்கூழும், அதைச் சுற்றிப் பல அடுக்குகளாக, ஒன்றுக்கொன்று எதிர்ச்சாய்வில் ஓடும் நார்வளையமும் உள்ளன. நாம் குனியும்போதும் நிமிரும்போதும் மூட்டின் சுழற்சி மையம் ஓரிடத்தில் நிற்பதில்லை. பெரும்பாலும் தட்டின் பின்பாதியில், சற்றே இடம்பெயர்ந்தபடி இருக்கும். புரோடிஸ்க்-எல்லில் அந்த மையம் குமிழின் வடிவத்தால் நிலைப்படுத்தப்பட்டுவிடுகிறது. பெர்லினில் கர்ட் ஷெல்னாக்கும் கரின் பியூட்னர்-யான்ஸும் 1980களில் உருவாக்கிய சரிட்டே தட்டில் நடுப்பகுதி நகரக்கூடியதாக இருந்ததால் மையமும் நகர்ந்தது; ஆனால் அங்கே வெட்டுவிசையை, அதாவது ஒரு முள்ளென்பை மற்றதன்மேல் முன்பின்னாகச் சறுக்கவைக்கும் விசையை, முள்ளென்புகளைப் பின்னால் இணைக்கும் சிறுமூட்டுகளே கூடுதலாகத் தாங்க வேண்டியிருந்தது. புரோடிஸ்க் அந்த விசையைத் தானே ஏற்கிறது. பதிலாக, சத்திரசிகிச்சை நிபுணரின் கையில் பெரும் துல்லியத்தைக் கோருகிறது. தட்டு முன்புறமாக அமர்ந்துவிட்டால், நிமிர்ந்து பின்சாயும்போது சிறுமூட்டுகளின்மேல் சுமை ஏறும். நடுக்கோட்டில், போதிய அளவு பின்னால் அமர்ந்தால் மட்டுமே இந்த வடிவமைப்பு தன் வேலையைச் செய்யும். நான் பார்த்த எக்ஸ்ரேயில் அது நன்றாகவே அமர்ந்திருந்தது. அவருடைய நல்ல நடைக்கு அதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

முறுக்கலை எதிர்ப்பதில்தான் எனக்கு இதன்மீது உண்மையான மனக்குறை உண்டு. நாரியின் ஒரு மூட்டு ஒரு பக்கத்துக்குச் சில பாகைகளே திரும்பும். நார்வளையமும் சிறுமூட்டுகளும் அதற்குமேல் விடுவதில்லை. குமிழும் குழிவும் திரும்புவதற்கு ஏறத்தாழ எந்த எதிர்ப்பையும் தருவதில்லை. போதாதற்கு, வயிற்றுப் பக்கமாகத் திறந்து பொருத்தும்போது முள்ளென்புகளின் முன்பக்கமாக ஓடி அவற்றைப் பிணைக்கும் நீள்நாணும் நார்வளையத்தின் முன்பகுதியும் வெட்டப்படுகின்றன. அந்தப் பொறுப்பு அதன்பின் சிறுமூட்டுகளுக்கும் ஆழ்தசைகளுக்கும் போய்ச் சேருகிறது. நிலாவெளிக் கரையில் வலை இழுப்பவர்களைக் கவனித்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும்: கால்களை மணலில் ஊன்றிப் பின்சாய்ந்து, ஒரு பக்கம் திரும்பியபடி, கயிற்றின் இழுவைக்கு எதிராக நாரியை இறுக்கி வைத்திருக்கிறார்கள். அதிர்வும் அவ்வாறே. அலைமேல் மோதி மோதிப் போகும் ஃபைபர் படகின் ஒவ்வொரு அடியையும் இயற்கைத் தட்டு ஓரளவு உள்வாங்கும். உலோகமும் கெட்டியான பொலிஎதிலீனும் அப்படிச் செய்வதில்லை.

இத்தகைய தட்டுகளின் தேய்மானத்தைச் சோதிக்கும் சர்வதேசத் தரமுறையில், 600 முதல் 2000 நியூற்றன் வரையிலான சுமையில், முன்னால் 6 பாகையும் பின்னால் 3 பாகையும் வளைத்து, ஒரு கோடி சுற்றுகள் ஓட்டுகிறார்கள். கடுமையான சோதனைதான். ஆனால் அது அன்றாட அசைவுக்கான சோதனை. கரைவலையின் இழுவை அதில் இல்லை. சுமை எவ்வளவு மாறும் என்பதற்கு ஓர் உதாரணம்: 1999இல் ஆய்வாளர் வில்கேயின் குழுவினர் ஒருவரின் இயற்கைத் தட்டுக்குள்ளேயே அளந்தபோது, நிற்கையில் 0.5 மெகாபாஸ்கலாக இருந்த அழுத்தம், முதுகை வளைத்து 20 கிலோ தூக்கியபோது 2.3 ஆக உயர்ந்தது. முழங்காலை மடித்துத் தூக்கியபோது அது 1.7 மட்டுமே.

ஆகவே என் மதிப்பீடு இதுதான். ஒரே தட்டு பழுதாகி, சிறுமூட்டுகள் நல்ல நிலையில் இருந்து, எலும்பு உறுதியாக, முள்ளென்பு சறுக்கல் எதுவுமின்றி, மாதக்கணக்கான முறையான பயிற்சிக்குப் பின்னும் நோ தீராத நடுத்தர வயதினருக்கு, எலும்புகளை ஒட்டவைக்கும் சிகிச்சைக்கு இது தகுந்த மாற்று. ஆய்வுகளிலும் அதற்குக் குறைவின்றியே நின்றிருக்கிறது. சிறுமூட்டுகள் ஏற்கெனவே தேய்ந்தவருக்கு இதைப் பரிந்துரைக்கவே மாட்டேன். பொருத்திய பின் மீண்டும் வலை இழுக்கத்தான் வேண்டும் என்பவர், முடிவெடுக்கும் முன்பே அதைத் தம் சத்திரசிகிச்சை நிபுணரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பெருங்குருதிக் குழாய்களை ஒதுக்கியே இத்தட்டை வைக்கிறார்கள். வடுக்கள் ஒட்டிப்போன பின் அதே வழியாகத் திரும்பப் போய் எடுப்பது மிகவும் ஆபத்தானது. பொருத்திக்கொண்டு ஊர் திரும்புவோர், தட்டின் உயரமும் சாய்வும் எழுதப்பட்ட சத்திரசிகிச்சைக் குறிப்பையும் பக்கவாட்டு எக்ஸ்ரேயையும் மறக்காமல் கையோடு கொண்டுவாருங்கள். அவை இருந்தால்தான் எந்தப் பயிற்சியை எந்த அளவுக்குத் தரலாம் என்று எங்களால் தீர்மானிக்க முடியும்.