சட்ட மறுப்புக்கு ஒருநாள் பயிற்சி: கற்றுத்தந்ததும் விட்டுவிட்டதும்

சுற்றுச்சூழல் பிரச்சினைகளுக்காகத் தடையை மீறி அறவழியில் போராட முன்வருவோருக்கென்று சென்னையில் ஒரு தன்னார்வக் குழு நடத்தும் ஒருநாள் பயிற்சியில் அண்மையில் கலந்துகொண்டேன். மதிய உணவோடு சேர்த்துக் கட்டணம் 400 ரூபாய். மாணவர்களுக்கும் மீனவர்களுக்கும் கட்டணம் இல்லை. கல்லூரி மாணவர்களும் மென்பொருள் துறை ஊழியர்களும் எண்ணூர்ப் பகுதி மீனவப் பெண்களும் வந்திருந்தனர். கொசஸ்தலை ஆற்றில் அனல் மின் நிலையச் சாம்பல் கலப்பதை எதிர்த்துப் பலமுறை தெருவில் அமர்ந்த அந்தப் பெண்களுக்கு, மறியலைப் பற்றிப் பயிற்றுநர்கள் சொல்லித்தர அதிகம் எதுவும் இருக்கவில்லை.

முற்பகல் அமர்வைத் தயங்காமல் பாராட்டலாம். பாதிப் பேர் காவலர்களாக நடிக்க, மற்றவர்கள் கை கோத்துத் தரையில் அமர்ந்தோம். இழுத்தார்கள், தள்ளினார்கள், காது கூசும்படி ஏசினார்கள். திருப்பித் திட்டாமலும் கையை ஓங்காமலும் இருப்பது எவ்வளவு கடினம் என்பது உடலில் உறைத்த பிறகுதான் விளங்குகிறது. தூக்கிச் செல்லப்படும்போது தலையையும் கழுத்தையும் காத்துக்கொள்வது, கூட்டத்தில் ஒருவர் கல்லெடுத்தால் அவரைச் சூழ்ந்து அமர்த்துவது, எந்த நேரத்தில் யார் விலகலாம் என்பதை முதல் நாளே பேசி முடிவு செய்வது ஆகிய அனைத்தையும் மீண்டும் மீண்டும் செய்யவைத்தார்கள். நடிப்புதானே என்று சிரித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், அடுத்த சுற்றில் உண்மையாகவே கோபப்பட்டு எழுந்துவிட்டார். அவரைக் கடிந்துகொள்ளாமல், கோபம் எந்த இடத்தில் கிளம்பியது என்று நிதானமாகக் கேட்ட விதத்தில் பயிற்றுநரின் அனுபவம் தெரிந்தது.

கைதாகாமல் வெளியே நின்று உதவுவோரின் பணிக்குத் தனி நேரம் ஒதுக்கியிருந்ததும் நல்ல ஏற்பாடு. 1930 இல் ராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த உப்புச் சத்தியாகிரகிகளுக்கு உணவோ இடமோ அளித்தால் தண்டனை என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்தபோது, மக்கள் உணவுப் பொட்டலங்களை வழியோர மரங்களில் கட்டித் தொங்கவிட்ட நிகழ்ச்சியை இங்கே எடுத்துக்காட்டினார்கள். மருந்து உட்கொள்பவர் யார், குழந்தையை வீட்டில் விட்டு வந்தவர் யார் என்ற பட்டியல் ஒருவரிடமேனும் இருக்க வேண்டும் என்பதை அதன்பின் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிற்பகலில் நடந்த சட்ட அமர்வு இந்தத் தரத்துக்கு அருகில்கூட வரவில்லை. 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் இருக்க, வழங்கப்பட்ட கையேடு பழைய பிரிவுகளையே பேசிக்கொண்டிருந்தது. 144 தடையுத்தரவு இப்போது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163 ஆம் பிரிவு. அரசு அலுவலரின் உத்தரவை மீறியதற்கான இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 188, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 223. எண்கள் மட்டும் மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். காவலரின் சட்டப்படியான உத்தரவுக்கு இணங்காதவரைப் பிடித்து வைக்கவோ அப்புறப்படுத்தவோ, சிறிய விவகாரமாக இருந்தால் 24 மணி நேரத்துக்குள் விடுவிக்கவோ இடமளிக்கும் 172 ஆம் பிரிவு நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் புதிதாக வந்தது. மறியலில் அமர்பவரை நேரடியாகத் தொடும் இந்தப் பிரிவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பழைய 188 இன் கீழ் காவல்துறை தானாகவே முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது, உரிய அலுவலர் எழுத்துமூலம் நீதிமன்றத்தில் முறையிட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 இல் அளித்த தீர்ப்பும் இடம்பெறவில்லை.

இதைவிடப் பெரிய குறை, பயிற்சி முழுவதும் கைதாகும் நாளோடு முடிந்துவிடுவது. நம் ஊரில் கைது என்றால் பெரும்பாலும் காவல் வாகனத்தில் ஏற்றித் திருமண மண்டபத்தில் வைத்திருந்து மாலையில் விட்டுவிடுவதுதான் என்று பயிற்றுநர்கள் சொன்னது உண்மையே. ஆனால் மண்டபத்திலிருந்து வீடு திரும்பியவருக்கும் பின்னாளில் அழைப்பாணை வரக்கூடும். கூடங்குளம் அணு உலையை எதிர்த்து 2012 செப்டம்பர் 13 அன்று இடிந்தகரை மக்கள் கடலில் இறங்கி நின்ற காட்சியைத் திரையில் காட்டினார்கள். அந்தப் போராட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத் துரோக வழக்குகள் பதிவானதையும், வழக்குகளால் இளைஞர்கள் கடவுச்சீட்டுப் பெற முடியாமல் அலைந்ததையும் காட்டவில்லை. அவ்வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதத்திலேயே கூறியிருந்தும், பல வழக்குகள் நீடித்தன; கூடங்குளம் உள்ளிட்ட போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவதாகத் தமிழ்நாடு அரசு 2021 இலும் அறிவிக்க வேண்டியிருந்தது. வேலை தேடும் வயதில் வாய்தாவுக்கு அலைவது எப்படிப்பட்டது என்று அறியாமல் ஒரு மாணவர் முன்வரிசையில் அமர ஒப்புக்கொண்டால், அதை முழுமையான ஒப்புதல் என்று நான் ஏற்க மாட்டேன். இதைக் கேள்வி நேரத்தில் எழுப்பியபோது, போராட்டத்துக்கு வருபவர்களைப் பயமுறுத்தக் கூடாது என்றார் ஒருங்கிணைப்பாளர். எண்ணூர்ப் பெண்களில் மூத்தவர் ஒருவர் உடனே குறுக்கிட்டு, தெரிந்தால் வராமல் போகிறவர் தெரியாமல் வந்தால் நடுவில் ஓடிவிடுவார் என்று சொன்னதே அன்றைய சட்ட அமர்வின் உருப்படியான பகுதி.

இதுவரை எந்தப் போராட்டத்திலும் அமர்ந்திராதவர்கள் முற்பகல் அமர்வுக்காகவே இந்தப் பயிற்சிக்குச் செல்லலாம். 400 ரூபாய் அதற்குத் தகும். ஏற்கெனவே வழக்கு உள்ளவர்கள், அரசுப் பணிக்கு விண்ணப்பித்திருப்பவர்கள், வெளிநாட்டுப் பயணம் திட்டமிட்டிருப்பவர்கள் ஆகியோர் தனியாக ஒரு வழக்கறிஞரைக் கண்டு பேசிய பிறகே முன்வரிசையா, வெளி உதவியா என்று முடிவெடுப்பது நல்லது. முன்பதிவு செய்யும்போது, கையேடு புதிய சட்டங்களுக்கேற்பத் திருத்தப்பட்டுவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்பில் மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.