ஃபைபர் ரவுட்டரிலேயே ஓப்பன்டபிள்யூஆர்டியா, தனி ரவுட்டரிலா?

பெங்களூரு அல்சூர் நண்பர்கள் சிலர், இணைய நிறுவனம் மாட்டிவிட்டுப் போன ஃபைபர் ரவுட்டரிலேயே, ரவுட்டர்களுக்கான திறந்த மூல இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டியை ஏற்றுவதா, அதை, இணைப்பை அப்படியே கடத்திவிட மட்டும் செய்யும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றிவிட்டுத் தனி ரவுட்டரில் ஏற்றுவதா என்று கேட்கிறார்கள்.

செலவு: முன்னதற்குப் பெரும்பாலும் பெட்டியைக் கணினியோடு இணைக்கும் ஒரு யூஎஸ்பி சீரியல் அட்டை போதும், பின்னதற்கு மின்னணுக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ரவுட்டர் வாங்க வேண்டும்.

இணைப்பு: இதில்தான் சிக்கலே இருக்கிறது. ஜிபான் எனப்படும் ஃபைபர் வலையமைப்பில் நிறுவனத்தின் கருவி, வீட்டுப் பெட்டியை அதன் வரிசை எண்ணாலோ கடவுச்சொல்லாலோ அடையாளம் கண்டு, ஓஎம்சிஐ என்ற நிர்வாக நெறிமுறை வழியே நிர்வகிக்கிறது. வீட்டுப் பெட்டியில் ஃபைபர் இணைப்பைக் கையாளும் சில்லுக்கான டிரைவர் பெரும்பாலும் மூடிய மென்பொருளாகவே இருப்பதால், மாற்றியபின் வைஃபை எழுந்தாலும் ஃபைபர் இணைப்பைக் காட்டும் பான் விளக்கு நிலையாக எரியாமல் கண்சிமிட்டிக்கொண்டே இருக்கலாம். தனி ரவுட்டருக்கோ, இணையத்தில் நுழைவதற்கான பிபிபிஓஈ முறையின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும், சில இணைப்புகளில் போக்குவரத்தைப் பிரித்துக் காட்டும் விலான் எண்ணும் தெரிந்தால் போதும்.

உரிமை: முன்னது பல வீடுகளில் நிறுவனத்தின் சொத்து, பின்னது நம்முடையது.

வீட்டிலிருந்து வேலை செய்வோருக்குத் தனி ரவுட்டரே பொருந்தும். அதில் 16 எம்பி ஃபிளாஷ் சேமிப்பும் 128 எம்பி ரேமும் குறையாதிருக்கட்டும். பரணில் கிடக்கும் சொந்தப் பெட்டியைப் பிரித்துக் கற்க விரும்புவோர், அதன் மாடல் ஓப்பன்டபிள்யூஆர்டியின் ஆதரவுப் பட்டியலில் இருந்தால், முன்னதைத் தாராளமாக முயலலாம்.