பிரைமரா, போல்ட்டா, க்ரோனோகிராஃபா: ரைஃபிள் தோட்டாவின் அழுத்தத்தை எதை வைத்துக் கணிப்பது?

சுடும்போது தோட்டாவுக்குள் எழும் அழுத்தம் அளவுக்கு மீறி ஏறிவிட்டதா என்று எப்படிப் பார்க்கிறீர்கள் எனக் கேட்டால், சொந்தமாகத் தோட்டா நிரப்புபவர்களில் பலர் சுட்ட பித்தளை உறையைத் திருப்பி, அதன் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமரைக் காட்டுவார்கள். விளிம்பு உருண்டையாக இருந்தால் பயமில்லை, தட்டையாகிவிட்டால் மருந்தை, அதாவது தோட்டாவின் பவுடரைக் குறைக்க வேண்டும் என்பது பழைய பாடம். இருக்கும் வழிகளிலேயே எளிதில் ஏமாற்றுவது இதுதான்.

பிரைமர் தட்டையாக அழுத்தம் மட்டுமே காரணமில்லை. உறையை மறுஅளவு செய்யும்போது அதன் தோளை (கழுத்தை ஒட்டிச் சரியும் பகுதியை) அதிகமாகப் பின்தள்ளிவிட்டால், தோட்டா உட்காரும் அறையான சேம்பருக்குள் உறை முன்பின் நகர இடம் கிடைத்துவிடும். சுடும்போது பிரைமர் முதலில் பின்னால் வந்து, சேம்பரைப் பின்புறம் மூடும் போல்ட்டின் முகத்தில் முட்டும். பிறகு உறையும் பின்னால் வந்து அதை நசுக்கும். மிதமான மருந்திலும் பிரைமர் சப்பையாகிவிடும். பிரைமரை அடிக்கும் ஃபயரிங் பின்னின் துளை சற்றுப் பெரிதாக இருந்தால், அடிபட்ட குழியைச் சுற்றி எரிமலை வாய் போல விளிம்பு எழும். அது அந்தத் துப்பாக்கியின் குணமாகவும் இருக்கலாம். இதற்கு நேர்மாறான ஏமாற்றுதான் ஆபத்தானது: கடினமான உலோகத்தாலான பிரைமர், எல்லை தாண்டிய பிறகும் உருண்டையாகவே நிற்கும். ஆனால் பிரைமரில் ஓட்டை விழுந்தாலோ, ஓரத்தில் கரும்புகை கசிந்திருந்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும்.

போல்ட்டின் சாட்சி இதைவிடக் கனமானது. கைப்பிடியைத் தூக்க வழக்கத்தைவிட வலு தேவைப்படுகிறது. உறையின் அடியில், எழுத்துகளுக்கு நடுவே, சுட்ட உறையை வெளியே தள்ளும் எஜெக்டரின் துளைத் தடம் பளபளவென்று பதிந்திருக்கிறது. சேம்பரில் அழுக்கோ உறையில் எண்ணெய்ப் பிசுக்கோ இல்லையென்றால், உறையின் பித்தளையே தளர்ந்துவிட்டது என்று பொருள். குறை என்னவென்றால், இது தாமதமாகச் சொல்லும். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான எஸ்ஏஏஎம்ஐ, .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). பித்தளை இப்படிப் பேசத் தொடங்குவது பெரும்பாலும் அதையும் கடந்த பிறகுதான். .30-30க்கு உச்சம் 42,000, .45-70க்கு 28,000 மட்டுமே. அந்தத் தோட்டாக்களுக்கான பழைய துப்பாக்கிகளில் பித்தளை வாய் திறக்கும்போது எல்லை எங்கோ பின்னால் போயிருக்கும். ‘அறிகுறி தெரியும்வரை மருந்தை ஏற்று’ என்ற அறிவுரையை நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான்.

உறையின் அடிப்பகுதி எவ்வளவு விரிந்தது என்று மைக்ரோமீட்டரால் அளப்பவர்களும் உண்டு. பித்தளையின் கடினம் தொகுதிக்குத் தொகுதி மாறுவதால் அந்த எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பிரைமர் குழி, அதாவது உறையின் அடியில் பிரைமர் பொருந்தும் இடம், அதைவிட நேர்மையானது. ஓரிரு முறை மட்டுமே சுட்ட உறையில் புதிய பிரைமர் எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தால், அந்த உறையும் முடிந்தது, அந்த மருந்தளவும் முடிந்தது.

முன்கூட்டியே எச்சரிப்பது, குண்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃப். அழுத்தமின்றி வேகம் வராது. அதே குண்டு, அதே பவுடர். 24 அங்குலக் குழலில் உச்ச மருந்தளவுக்கு விநாடிக்கு 2,700 அடி என்று தோட்டா நிரப்பும் கையேடு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 22 அங்குலக் குழலில், அதைவிடக் குறைந்த மருந்திலேயே 2,750 வந்தால் மகிழ்ச்சியடைய ஒன்றுமில்லை. குண்டு, குழலின் உட்சுருள் வரிகளான ரைஃப்லிங்கைத் தொட்டுக்கொண்டிருக்கலாம், தடித்த உறையால் உட்கொள்ளளவு குறைந்திருக்கலாம், தோட்டாக்கள் வெயிலில் கிடந்து சூடேறியிருக்கலாம். காரணம் எதுவானாலும், பித்தளை முகம் மாறும் முன்பே வேகம் காட்டிக்கொடுத்துவிடும். இதற்கும் வரம்பு உண்டு: வேறு பவுடருக்கான எண்ணோடு ஒப்பிட்டால் கணக்கு செல்லாது, ஏனென்றால் ஒரே வேகத்தை இரு பவுடர்கள் வெவ்வேறு உச்ச அழுத்தத்தில் எட்டும்.

சேம்பரின் மேல் ஒட்டும் ஸ்ட்ரெய்ன் கேஜ், குழல் விரிவதை அளந்து அழுத்த வரைகோட்டையே தருகிறது. இரண்டு மருந்தளவுகளை ஒப்பிட அருமையான கருவி. சரியான அளவீட்டுத் திருத்தம் இல்லாமல் அதன் பிஎஸ்ஐ எண்ணை மட்டும் அப்படியே நம்பக் கூடாது.

என் வரிசையில் க்ரோனோகிராஃப் முதலில், அடுத்து போல்ட், பிறகு பிரைமர் குழி. பிரைமரின் முகம் கடைசியில்தான். இவற்றில் ஒன்று எச்சரித்து மற்றவை மௌனமாக இருந்தாலும் எச்சரிக்கையையே ஏற்க வேண்டும். அதே அளவில் நிரப்பிய மீதித் தோட்டாக்களைச் சுட்டுத் தீர்க்காமல், குண்டைக் கழற்றி மருந்தை வெளியே எடுத்துவிட்டு, கையேட்டின் தொடக்க அளவிலிருந்து மறுபடி ஏறுங்கள்.