சிவப்பு ஒயினைக் குளிர வைக்க: ஃபிரிட்ஜா, ஃப்ரீசரா, ஐஸ் தண்ணீரா?

சிவப்பு ஒயினை அறை வெப்பத்திலேயே ஊற்ற வேண்டும் என்பது பிரான்சின் பழைய கல் வீடுகளுக்குப் பொருந்திய பேச்சு. அங்கே அறை என்றால் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். சென்னையில் 30. அந்தச் சூட்டில் போர்டோ என்னும் பிரெஞ்சுச் சிவப்பு ஒயினை ஊற்றினால் பழ வாசனைக்கு முன்னால் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும்.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே குளிரில் வைத்துவிடக் கூடாது. குளிர் ஏற ஏற வாசனை அடங்கும், துவர்ப்பு தூக்கும். டானின் (துவர்ப்பைத் தரும் பொருள்) மிகுந்த போர்டோவை 10 டிகிரியில் குடித்தால் நாக்கு வறண்டுபோகும். அதற்கு 16–18தான் சரி. டானின் குறைந்த போஜொலே என்னும் சிவப்பு ஒயின் 12–14இல் துள்ளும். வெள்ளையிலும் இதே பேதம் உண்டு: சோவினியோன் பிளாங்குக்கு 8–10, ஓக் பீப்பாயில் வைத்த பர்கண்டி ஷார்டனேவுக்கு 11–13. ஷாம்பேன் 8–10, சூடாகத் திறந்தால் பாதி நுரையாகப் பொங்கி வழிந்துவிடும்.

இனி குளிர வைக்கும் வழி. 30 டிகிரியில் இருக்கும் 750 மில்லி பாட்டில் ஃபிரிட்ஜில் 17க்கு இறங்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், 10க்கு இறங்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவசரம் இல்லையென்றால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஃப்ரீசர் வேகம்தான், ஆனால் மறந்துவிட்டால் ஒயின் உறைந்து விரியும். கார்க் வெளியே தள்ளும், கண்ணாடி வெடிக்கும். ஷாம்பேனை அதில் வைக்கவே வேண்டாம்.

நம் தேர்வு ஐஸ் தண்ணீர். பக்கெட்டில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி கல் உப்பு. வெறும் ஐஸ் போட்டால் கட்டிகளுக்கு நடுவே காற்று நின்றுவிடும். தண்ணீர்தான் பாட்டிலை முழுக்கத் தொட்டுச் சூட்டை இழுக்கும். உப்பு அந்தத் தண்ணீரைப் பூஜ்யத்துக்கும் கீழே இறக்கும். சிவப்புக்குப் பத்து நிமிடம், வெள்ளைக்கு 20–25 நிமிடம் போதும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கழுத்துப் பகுதி மட்டும் சூடாகவே இருக்கும். அதனால் முதல் கிளாஸ் ஏமாற்றும். எடுத்ததும் பாட்டிலை ஒருமுறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். வண்டல் படிந்த பழைய ஒயினிலும் ஷாம்பேனிலும் இதைச் செய்யாதீர்கள்.

நம் ஊர்ச் சூட்டில் கிளாஸுக்குள் ஒயின் விறுவிறுவென்று சூடேறும். எனவே குறித்த அளவுக்கு 2 டிகிரி கீழேயே, 100 மில்லிக்கு மிகாமல் ஊற்றி, பாட்டிலை மறுபடி குளிரில் வையுங்கள். அதிகம் குளிர்ந்துவிட்டால் கவலையில்லை. கிளாஸின் வயிற்றை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துப் பிடித்தால் சில நிமிடங்களில் வாசனை எழும்பிவிடும்.